நைலான் குடித்த தண்ணீர்

வெர்னியர் கோந்துவின் கையிலிருந்து நழுவி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணிக்கு.

கோந்து என்பது அவளுடைய நிஜப் பெயர் அல்ல. பள்ளி விட்டதும் நேராக அம்மாவின் பட்டறைக்கு வந்து ஒட்டிக்கொள்வாள் என்பதால் மாமா வைத்த பெயர். பத்து வயதுக்குள் அதுவே வீட்டிலும் தெருவிலும் நிலைத்துவிட்டது.

அம்மாவின் பட்டறை ஒரு நீளமான அறை. சுவரை ஒட்டி நான்கு த்ரீடி பிரிண்டர்கள். காகிதத்தில் மையால் அச்சடிக்கிற இயந்திரங்கள் அல்ல அவை. பிளாஸ்டிக் இழையைச் சூட்டில் உருக்கி, மெல்லிய கோடாக இழுத்து, ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு என்று அடுக்கிக்கொண்டே போகும். காலையில் வெறும் தட்டாக இருந்த இடத்தில் மாலைக்குள் ஒரு பல்சக்கரமோ கைப்பிடியோ எழுந்து நிற்கும்.

அந்த அறையில் கோந்து தொடக்கூடாத பொருள்கள் இரண்டு. ஒன்று, இழையை உருக்கும் முனை. தொட்டால் தோல் வழன்றுவிடும். இன்னொன்று, வெர்னியர். அதன் இரண்டு எஃகுத் தாடைகளுக்கு நடுவே ஒரு பொருளைக் கவ்வினால், அதன் தடிமனை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை சின்னத் திரையில் காட்டும். அம்மா அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத்தான் எடுப்பார்.

அன்று அம்மா வாசலில் தபால்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். மாமா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இடையிடையே ‘பட், பட்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

கோந்துவின் கவனம் அதில் இல்லை. ஒரே பொட்டலத்தில் இருக்கும் இரண்டு பிஸ்கட்டுகள் ஒரே தடிமன்தானா என்ற ஆராய்ச்சியில் அவள் மூழ்கியிருந்தாள்.

முதல் பிஸ்கட், ஐந்து புள்ளி எட்டு. இரண்டாவதைக் கவ்வும்போது அது பொடிந்தது. பதறிக் கையை உதறினாள். வெர்னியர் சிமெண்ட் தரையில் ‘ணங்’ என்று விழுந்தது.

திரை ஒரு கணம் அணைந்து, மறுபடி எரிந்தது.

கோந்து வாசலைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை. வெர்னியரைப் பாவாடையில் துடைத்தாள், பெட்டியில் வைத்தாள், மூடினாள். பிஸ்கட் தூளையும் ஊதிவிட்டாள்.

வாசலில் தபால்காரர் சொல்வது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

“வெள்ளிக்கிழமை காலையில கிடைச்சிருமா தங்கச்சி? பையன் இப்பவே நாளை எண்ண ஆரம்பிச்சுட்டான்.”

“கிடைச்சிரும் அண்ணே. மெஷின்ல ஓடிட்டு இருக்கு,” என்றார் அம்மா.

மூலையில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். தபால்காரரின் மகனுக்கான கணுக்கால் மூட்டு.

அவன் கோந்துவின் வகுப்பு. முன்பல் இரண்டும் எடுப்பாக இருப்பதால் எல்லோருக்கும் அவன் அணில். இடது காலில் பலம் குறைவு. பாதத்திலிருந்து முழங்கால் வரை ஒரு கால் தாங்கி அணிந்துதான் நடப்பான். பழைய தாங்கியின் மூட்டு போன வருடம் மாடிப்படியில் உடைந்து, அணில் உருண்டு விழுந்து, தாடையில் ஆறு தையல் போட்டார்கள்.

இந்த வருடம் அவர்களுடைய வகுப்பு மாடிக்குப் போய்விட்டது. ஒட்டுப்போட்ட பழைய தாங்கியோடு அணிலால் ஏற முடியாது. அதனால் கீழே இரண்டாம் வகுப்பு அறையில், கடைசி பெஞ்சில், தனியாக உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தான். டீச்சர் நேரம் கிடைக்கும்போது இறங்கி வந்து சொல்லிக்கொடுப்பார். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் கூட்டல் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

அம்மா முதலில் சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஒரு மூட்டு செய்து பார்த்தார். அது ஒரு மதியம் காருக்குள் கண்ணாடி அருகே வெயிலில் இருந்ததில் மெழுகு போலத் தொய்ந்துவிட்டது. அதனால்தான் நைலான். சூடு தாங்கும். வளைந்தாலும் உடையாமல் திரும்பும். மருத்துவமனை டெக்னீஷியன் தான் கொடுத்த வரைபடத்தில் ஒரு எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். தாங்கியின் எஃகுப் பள்ளத்துக்குள் நுழையும் நாக்கின் தடிமன், பன்னிரண்டு மில்லிமீட்டர். கூடினால் சிக்கும். குறைந்தால் ஆடும்.

புதன்கிழமை மாலை அம்மா அந்த நாக்கை வெர்னியரில் கவ்வினார். கோந்து வீட்டுப்பாட நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“பன்னிரண்டு புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம்,” என்று அம்மா உரக்கப் படித்து நோட்டில் எழுதினார். “கச்சிதம்.”

வெர்னியர் கெட்டுப்போயிருந்தால் அந்தப் பன்னிரண்டு உண்மையில் பன்னிரண்டா?

அம்மா உள்ளே போனதும் மாமாவிடம் மெதுவாகக் கேட்டாள். “மாமா, அளக்குற சாமானெல்லாம் கீழ விழுந்தா கெட்டுப்போயிருமா?”

“விழுந்தா யாருதான் கெட மாட்டாங்க? நான் சின்ன வயசுல கட்டில்ல இருந்து விழுந்தேன். பலன் உன் கண்ணு முன்னாடி நிக்குது.”

“விளையாடாதீங்க மாமா.”

மாமா ஒட்டும் நாடாவைக் கீழே வைத்தார். “தாடை கொஞ்சம் கோணினாலும் போச்சு. அது தப்பாச் சொல்லும், நாம சரின்னு நம்பிக்கிட்டே இருப்போம். ஏன் கேக்குற?”

“சும்மா.”

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் அணில் மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டிருந்தான். கோந்துவைப் பார்த்ததும் கையசைத்தான்.

“இருபத்திரண்டு,” என்றான். “நடுவுல ஒரு திருப்பம். திருப்பத்துல கைப்பிடி இல்ல. அங்க மட்டும் சுவரைப் பிடிச்சுக்கணும்.”

“எப்படி எண்ணின?”

“நீங்க இறங்கும்போது காலடிச் சத்தத்தை வச்சு.” கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தான். “மேல இருந்து மைதானம் முழுக்கத் தெரியுமா?”

“தெரியும். ஆனா பாத்தா டீச்சர் திட்டுவாங்க.”

“நாளைக்கு நானும் திட்டு வாங்குறேன்,” என்றான் அணில். அவன் சிரித்தபோது தாடையில் இருந்த தழும்பு இழுத்துக்கொண்டது.

கோந்துவால் அன்று சாப்பிட முடியவில்லை. டப்பாவைத் திறந்தாள், மூடினாள், அவ்வளவுதான்.

பள்ளி விட்டதும் ஓடினாள். பட்டறையில் அம்மா பஞ்சு வைத்த அட்டைப்பெட்டிக்குள் கணுக்கால் மூட்டை வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

“அம்மா, மூடாத,” என்றாள் கோந்து. மூச்சு வாங்கியது. “வெர்னியரை நான் கீழ போட்டுட்டேன்.”

அம்மாவின் கை நின்றது. “எப்ப?”

“செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு.”

“எந்தப் பக்கமா விழுந்துச்சு?”

“தாடை கீழ இருந்துச்சு.”

அம்மா திட்டவில்லை. நோட்டைத் திருப்பினார். விரலால் ஒவ்வொரு வரியாக எண்ணினார். “செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இதுல ஒம்போது சாமான் அளந்திருக்கேன்,” என்றார். பிறகு சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். “ரெண்டு நாள்.”

அந்த ‘ரெண்டு நாள்’ என்ற சொல் கோந்துவை அறைந்தது. அதற்குப் பதில் ஒரு அடியே கொடுத்திருக்கலாம்.

அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு எஃகுக் கட்டை. அது சரியாகப் பத்து மில்லிமீட்டர். அளக்கும் கருவி உண்மை சொல்கிறதா என்று சோதிப்பதற்கு மட்டுமே அதை வெளியே எடுப்பார். துணியால் துடைத்து, வெர்னியரின் தாடைகளுக்கு நடுவே வைத்தார்.

மாமாவும் பாட்டை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

பத்து புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம்.

அம்மா இடம் மாற்றி வைத்தார். பத்து புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம். தாடையின் நுனியில் வைத்தார். அதே எண்தான்.

“கருவிக்கு ஒண்ணும் ஆகல,” என்றார் அம்மா. கோந்துவின் தலையில் கை வைத்தார்.

“அப்பாடா,” என்று மாமா நாற்காலியில் சாய்ந்தார். “பெட்டிய மூடுக்கா. நான் போய் டீ வாங்கிட்டு வரேன்.”

“அந்த நாக்கை இன்னொரு தடவை அளந்திரும்மா,” என்றாள் கோந்து.

“வெர்னியர் சரின்னா நேத்து அளந்ததும் சரிதானே?”

“சரிதான். இருந்தாலும் நேத்து அளந்தது நேத்துதானே. எனக்கு இன்னைக்குப் பாக்கணும்.”

வாதாட அம்மாவுக்குத் தெம்பு இல்லை. பெட்டியைத் திறந்து, மூட்டை எடுத்து, நாக்கைக் கவ்வினார். திரையைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பன்னிரண்டு புள்ளி பூஜ்ஜியம் ஏழு.

ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான் வித்தியாசம். ஆனால் நேற்று இல்லாத தலைமுடி.

“வெர்னியர் பொய் சொல்லல,” என்றாள் கோந்து மெதுவாக. “அப்ப மூட்டுதான் வளந்திருக்கா?”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வாரம் முழுக்க மழை. “நைலான் காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்கும். குடிச்சா கொஞ்சம் உப்பும். அது தெரிஞ்சதுதான். ஆனா ஒரே நாள்ல இவ்வளவா? உள்ள ஓட்டை ஓட்டையா இருந்தாத்தான் இப்படிக் குடிக்கும்.”

ஓட்டை என்றதும் கோந்துவுக்கு ஒன்று நினைவு வந்தது. “அது ஓடும்போது பட் பட்னு சத்தம் வந்துச்சும்மா. எண்ணெய்ல தண்ணி தெறிச்ச மாதிரி.”

அம்மா சட்டென்று திரும்பினார். “இழையே ஈரமா இருந்தா, முனையில சூடாகும்போது உள்ள இருக்குற தண்ணி ஆவியாகி வெடிக்கும். ஆனா நைலான் சுருளை நான் உலர்பெட்டிக்குள்ளதானே வச்சிருந்தேன்?”

மாமா டீ வாங்கப் போகவில்லை. கதவருகே நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை கூரை ஒழுகுச்சு இல்லக்கா? சாமானெல்லாம் நகர்த்தும்போது அந்தச் சுருளை வெளிய வச்சேன். திங்கக்கிழமைதான் ஞாபகம் வந்து உள்ள வச்சேன். ஒரு ராத்திரிதானேன்னு விட்டுட்டேன்.”

“அவ ரெண்டு நாள் கழிச்சாவது சொன்னா,” என்றார் அம்மா.

“நான் நாலு நாள்,” என்றார் மாமா. அவர் குரலில் வேடிக்கை இல்லை.

இரண்டு மூட்டுகள் செய்திருந்தார்கள். ஒன்று அணிலுக்கு, ஒன்று உபரி. அம்மா உபரியை இரும்புக் கவ்வியில் மாட்டி, ஒரு கம்பியால் நெம்பினார். நல்ல நைலான் வளையும், முறுக்கிக்கொள்ளும், பிடிவாதம் பிடிக்கும். இது சட்டென்று அடுக்கோடு அடுக்காகப் பிளந்தது. உடைந்த இடத்தில், ரொட்டித் துண்டைப் பிய்த்தது போல, பொடிப்பொடியாகத் துளைகள்.

“படியில ஏறும்போது…” என்று தொடங்கினார் மாமா.

அம்மா உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மேசையில் வைத்தார். “இழையை ராத்திரி முழுக்க சூட்டில வச்சு உலர்த்துறேன். நாளைக்குப் புதுசா செய்யலாம். ஆனா எவ்வளவு உலர்த்திச் செஞ்சாலும், செஞ்சு முடிச்ச பிறகு அது காத்துல கொஞ்சம் குடிக்கத்தான் போகுது. இன்னைக்குப் பன்னிரண்டா கொடுத்தா, அடுத்த வாரம் எவ்வளவு இருக்குமோ.”

கோந்து உடைந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள். “அது ஒரு அளவுக்கு மேல குடிக்காது இல்ல?”

“குடிக்காது. வயிறு நிறைஞ்சா நிறுத்திடும்.”

“அப்ப நாமளே தண்ணியில போட்டு வச்சிரலாமே. வயிறு நிறையக் குடிச்சு முடிக்கட்டும். அப்புறமா அளக்கலாம்.”

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா மகளைப் பார்த்தார்.

“செய்யுறதுக்கு முன்னாடி காயவைக்கணும், செஞ்ச பிறகு நனைக்கணும்,” என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “முதல்ல ஒண்ணு செஞ்சு, நனைச்சு, எவ்வளவு உப்புதுன்னு பாக்கலாம். அந்த அளவை வரைபடத்துல கழிச்சிட்டு அடுத்தது செய்யலாம். செய்யலாம். ஆனா வெள்ளிக்கிழமைக்கு ஆகாது. அஞ்சு நாளாவது வேணும். தபால்காரர் அண்ணன்கிட்ட நான் போன்ல சொல்லிடறேன்.”

“அவர்கிட்ட நீ சொல்லு,” என்றாள் கோந்து. “அணில்கிட்ட நான் போய்ச் சொல்றேன்.”

தபால்காரரின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. அணில் முன்னறையில் தரையில் உட்கார்ந்து இரண்டு ஷூக்களுக்கும் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். மூக்கு நுனியிலும் கொஞ்சம் பாலிஷ் இருந்தது.

“நாளைக்கு இல்லை,” என்றாள் கோந்து. எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “சரி.”

“மூட்டு சரியா வரல. திரும்பச் செய்யணும்.”

“சரின்னு சொன்னேனே.” தேய்த்துக்கொண்டே இருந்தான். “நான் ஏற வேணாம்னு எல்லாரும் சேந்து பேசி வச்சிருப்பீங்க. போன வருஷம் மூட்டு உடைஞ்சப்பவும் இப்படித்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு.”

கோந்து அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து உடைந்த மூட்டை எடுத்து அவனுக்கும் ஷூவுக்கும் நடுவில் வைத்தாள். வெர்னியரைக் கீழே போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பயந்து சொல்லாமல் இருந்த இரண்டு நாளையும் சேர்த்தே சொன்னாள்.

அணில் துண்டை எடுத்து, ஒரு துளைக்குள் நகத்தை விட்டுப் பார்த்தான். “இது என் கால்ல இருந்திருக்குமா?”

“ம்.”

“எத்தனாவது படியில உடைஞ்சிருக்கும்?”

“தெரியல.”

அவன் துண்டைக் கீழே வைத்தான். “திருப்பத்துக்கு மேலன்னா ரொம்ப வலிச்சிருக்கும்,” என்றான்.

பாலிஷ் டப்பாவை மூடி, ஷூக்களைச் சுவரோரம் ஜோடியாக வைத்தான். “நீ சொல்லாம இருந்திருந்தா?”

கோந்து உடைந்த துண்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். அவள் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு, “அடுத்த தடவை உடைச்சுப் பாக்கும்போது என்னையும் கூப்பிடு,” என்று மட்டும் சொன்னான்.

இழை இரவெல்லாம் சூட்டில் உலர்ந்தது. வெள்ளிக்கிழமை பிரிண்டர் ஓடியபோது மூவரும் பக்கத்தில் நின்று காது கொடுத்தார்கள். விசிறிச் சத்தம் மட்டும்தான். முதல் மூட்டை வெந்நீரில் போட்டு வைத்தார்கள். சனிக்கிழமை எடுத்துத் துடைத்து அளந்தபோது பன்னிரண்டு புள்ளி ஒன்று ஐந்து. அம்மா வரைபடத்தில் அந்த அளவைக் குறைத்துவிட்டு இன்னும் இரண்டு செய்தார். அவற்றையும் நனைத்தார்கள். திங்கட்கிழமை அளந்தபோது இரண்டுமே பன்னிரண்டு. செவ்வாய்க்கிழமையும் பன்னிரண்டு. அன்று வெர்னியரைப் பிடித்தது கோந்து. அம்மாவே அதை அவள் கையில் கொடுத்தார்.

உடைத்துப் பார்க்க அணிலும் வந்திருந்தான். ஒரு மூட்டைக் கவ்வியில் மாட்டி, அதில் ஒரு கயிற்றுப் படியைத் தொங்கவிட்டு, மாமா அதன் மேல் ஏறி நின்றார்.

“என் எடையை யாரும் நோட்டுல எழுதக்கூடாது,” என்றார்.

“எண்பத்தி நாலு,” என்று சொல்லிக்கொண்டே அம்மா எழுதினார்.

மூட்டு கொஞ்சம் வளைந்தது. மாமா இறங்கியதும் திரும்பி நேரானது. அணில் அதைத் தொட்டுப் பார்த்தான். “இன்னொரு தடவை ஏறுங்க மாமா,” என்றான். ஏழு முறை ஏறவைத்தான். எட்டாவது முறை மாமாதான் மூச்சு வாங்கி உட்கார்ந்தார். மூட்டு அப்படியே இருந்தது. அடுத்ததை மருத்துவமனை டெக்னீஷியன் அன்று மாலையே அணிலின் கால் தாங்கியில் பொருத்தினார்.

புதன்கிழமை காலை. முதல் மணி அடித்துப் பாடம் தொடங்கி விட்டிருந்தது. படி காலியாகட்டும் என்று அணில் கீழேயே காத்திருந்தான். கோந்து வகுப்புக்குப் போகாமல் படியின் மேற்புறம் நின்றாள். தபால்காரர் அடியில் நின்றார். கூட வர வேண்டாம் என்று அணில் அவரிடம் சொல்லியிருந்தான்.

முதல் ஐந்து படிகள் வேகமாக ஏறினான். அப்புறம் வேகம் குறைந்தது. நல்ல கால், தாங்கி, நல்ல கால், தாங்கி. திருப்பத்தில் கைப்பிடி முடிந்த இடத்தில் நின்றான். உள்ளங்கையைச் சுவரில் பதித்தான். கீழே தபால்காரர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

கோந்துவுக்கு ஓடிப்போய்க் கை கொடுக்கத் தோன்றியது. அவன் அவளைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையாட்டினான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவன் தாங்கிக் காலை எடுத்து அடுத்த படியில் வைத்து, உடம்பின் மொத்த எடையையும் அதன் மேல் போட்டான். மூட்டு வளைந்தது. திரும்பியது. ஏறினான்.

வகுப்பு வாசலுக்கு அவன் வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே நாற்பது பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். கரும்பலகை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

“உள்ள வரலாமா டீச்சர்?” என்று கேட்டான் அணில்.

டீச்சர் அவனைப் பார்த்தார். தலையசைத்தார். அவன் நடந்து போய் உட்காரும் வரை காத்திருந்தார். பிறகு டஸ்டரை எடுத்துப் பலகை முழுவதையும் துடைத்துவிட்டு, பாடத்தை முதல் வரியிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார்.